டிரைவால் முடிப்பு: இணைப்புகளுக்கு மட்டும் மட் போதுமா, சுவர் முழுவதும் ஸ்கிம் வேண்டுமா?

அமெரிக்காவிலோ கனடாவிலோ பேஸ்மென்ட்டை அறையாக்க இறங்குபவர்கள், டிரைவால் எனப்படும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகைகளை மாட்டியதும் வேலை முக்கால்வாசி முடிந்ததாகக் கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் பலகை மாட்ட இரண்டு நாள் ஆனால், அதைப் பெயிண்டுக்குத் தயாராக்க ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்தில் கை வேலை குறைவு, காயக் காத்திருப்பதுதான் அதிகம். அந்தக் காத்திருப்பைச் சுருக்கப் பார்க்கும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

தமிழ்நாட்டில் சிமெண்ட் பூச்சுச் சுவருக்கு மேலிருந்து கீழ் வரை இரண்டு கை பட்டி பார்ப்பது வழக்கம். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டாலும் பெயிண்டர் பலகை முழுவதும் பட்டி இழுத்துவிடுவார். அந்தப் பழக்கத்தோடு வருபவருக்கு வட அமெரிக்க முறை அரைகுறையாகத் தோன்றலாம். இங்கே பலகைகளின் இணைப்புகள், ஸ்க்ரூ தலைகள், மூலைகள் இவற்றில் மட்டும் ஜாயிண்ட் காம்பவுண்ட் பூசுகிறார்கள். வேலையிடத்தில் எல்லாரும் அதை மட் என்றுதான் சொல்வார்கள். மீதியுள்ள காகிதப் பரப்பின் மேல் நேரடியாக பிரைமர், பெயிண்ட். சுவர் முழுவதும் மெல்லிய பூச்சு இழுத்தால் அதுதான் ஸ்கிம் கோட்.

ஊரிலிருந்து வால் புட்டிப் பை கொண்டுவந்து இணைப்புகளை நிரப்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். அது வெள்ளைச் சிமெண்டை அடிப்படையாகக் கொண்டது. சிமெண்ட் பூச்சுக்கு ஏற்றது, ஜிப்சம் பலகையின் காகிதத்துக்கும், இணைப்பின் மேல் ஒட்டும் டேப்புக்கும் ஏற்றதல்ல.

எது உங்களுக்குத் தேவை?

அமெரிக்க ஜிப்சம் அசோசியேஷனின் ஜிஏ-214 என்ற ஆவணம் முடிப்பை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கிறது. வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியவை மூன்றுதான். நிலை 2 என்றால் டேப் பதித்து, அதன் மேலும் ஸ்க்ரூ தலைகள் மேலும் ஒரு மெல்லிய கை மட். டைல்ஸுக்குப் பின்னாலும் கராஜிலும் இது போதும். நிலை 4 என்றால் டேப் பதித்த பிறகு தட்டையான இணைப்புகளுக்குத் தனித்தனியாக இரண்டு கை, உள்மூலைக்கு ஒரு கை, ஸ்க்ரூ தலைகளுக்கு மொத்தம் மூன்று கை. நிலை 5 என்றால் நிலை 4 முடிந்த பிறகு அதன் மேல் முழுப் பரப்புக்கும் ஸ்கிம்.

நான்கா ஐந்தா என்பதை வெளிச்சத்தையும் பெயிண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பெரிய ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நீளும் சுவர், ஜன்னலிலிருந்து வெளிச்சம் தவழ்ந்து செல்லும் கூரை, சுவரை ஒட்டிக் கீழ்நோக்கி அடிக்கும் பாட் லைட், சாட்டின் அல்லது செமி-கிளாஸ் பெயிண்ட், அடர்ந்த நிறம், இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பரப்புக்கு ஸ்கிம் வீண் செலவல்ல. மேட் பெயிண்ட் அடிக்கும் படுக்கையறைக்கு நிலை 4 தாராளம். வீடு முழுவதும் ஒரே நிலையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹாலில் ஒரே ஒரு சுவரையும் கூரையையும் மட்டும் ஸ்கிம் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம்.

ஸ்கிம் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காகிதமும் மட் பூச்சும் பெயிண்டை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை, இரண்டின் மேற்பரப்பும் ஒன்றல்ல. அதனால்தான் நன்றாகச் செய்த இணைப்பும் சாய்வு வெளிச்சத்தில் பட்டையாகத் தெரிகிறது. ஸ்கிம் இந்த வேறுபாட்டை மறைக்கும், சின்னக் கீறல்களையும் மூடும். ஆனால் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. கீழே இணைப்பு முதுகுபோலப் புடைத்திருந்தால் ஸ்கிம் அந்தப் புடைப்பின் மேலேயே ஏறி இறங்கும். மோசமான டேப் வேலையை ஸ்கிம் போட்டு மறைத்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். ஸ்கிம்முக்குச் செலவிடும் நாளை இணைப்பை அகலப்படுத்துவதில் செலவிட்டால் பல அறைகளுக்கு ஸ்கிம்மே தேவைப்படாது.

வாங்க வேண்டியவை

12 அடிக்கு 12 அடி, 8 அடி உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கதவு ஜன்னலைக் கழிக்காமல் சுவர் 384 சதுர அடி, கூரை 144, ஆக 528. ஆயத்தமாகக் கலந்து விற்கும் மட் 1000 சதுர அடிக்குச் சுமார் 9.4 அமெரிக்க கேலன், டேப் சுமார் 370 அடி என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் இந்த அறைக்கு 5 கேலன் மட், 200 அடி டேப். ஒரு பக்கெட்டில் 4.5 கேலன்தான் இருக்கும். புதியவர் கொஞ்சம் கீழே சிந்துவார், கொஞ்சம் தேய்த்து எறிவார். அதனால் இரண்டு பக்கெட் வாங்குங்கள். முதலாவது ஆல்-பர்ப்பஸ், டேப் பதிக்க. அதில் பசை அதிகம், காய்ந்தால் கெட்டி. இரண்டாவது லைட்வெயிட், மேல் கைகளுக்கு. குறைவாகச் சுருங்கும், எளிதாகத் தேயும். டேப் பதிக்க லைட்வெயிட்டையும் மேலே ஆல்-பர்ப்பஸையும் பயன்படுத்தினால் டேப்பின் பிடிமானம் குறையும், தேய்க்கும்போது தோள் கழன்றுவிடும். ஸ்கிம் செய்வதாக இருந்தால் மேற்கொண்டு குறைந்தது ஒரு பக்கெட்.

தூளாக வரும் செட்டிங் வகை ஒரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கெட் மட் நீர் ஆவியாகிக் காய்வது. இது வேதிவினையால் இறுகுவது. பையில் 20, 45, 90 என்று எழுதியிருப்பது ஏறத்தாழ எத்தனை நிமிடத்தில் இறுகும் என்பதைக் குறிக்கும். புதியவருக்கு 90 சரி. ஈஸி சாண்ட் போன்ற, தேய்க்கக்கூடிய வகையையே கேட்டு வாங்குங்கள். டூராபாண்ட் என்ற செட்டிங் வகை இறுகிவிட்டால் உப்புத்தாளுக்கு மசியாது. அது ஆழமான இடைவெளிகளை நிரப்ப மட்டுமே நல்லது.

டேப்பில் பேப்பர் டேப், ஃபைபர் மெஷ் டேப் என்று இரண்டு உண்டு. மெஷ் தானே ஒட்டிக்கொள்ளும் என்பதால் முதல் தடவை செய்பவர்கள் அதையே விரும்புகிறார்கள். ஆனால் மெஷ் மேல் முதல் கை செட்டிங் வகையாக இருக்க வேண்டும். பக்கெட் மட்டைப் பூசினால் இணைப்பு நீளவாக்கில் விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். உள்மூலைக்கு மெஷ்ஷை நினைக்கவே வேண்டாம். பேப்பர் டேப்பைப் பழகிக்கொள்ளுங்கள், ஒரு சுவருக்குள் கை வந்துவிடும்.

பிளேடுகளில் 6, 10, 12 அங்குலம் மூன்றும் வேண்டும். அவற்றோடு மட் எடுக்கும் நீளத் தட்டு, டிரில்லில் மாட்டும் கலக்கி, கம்பு வைத்த தேய்ப்பான், 150 எண் உப்புத்தாள், கையில் பிடிக்கும் விளக்கு, என்95 முகக்கவசம். 12 அங்குல பிளேடு இல்லாமல் சமாளிக்கலாம் என்று நினைத்தால் பட்டை பட்டையான சுவர்தான் கிடைக்கும்.

டேப்புக்கு முன்

6 அங்குல பிளேடை ஒவ்வொரு ஸ்க்ரூ வரிசை மீதும் இழுத்துப் பாருங்கள். ‘டிக்’ என்று சத்தம் வந்தால் தலை வெளியே நிற்கிறது. காகிதம் கிழியாமல், பரப்பிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் அளவு உள்ளே போகும்வரை திருகுங்கள். காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போன ஸ்க்ரூ எதையும் பிடித்திருக்காது. அதைக் கழற்றிவிட்டு ஒன்றரை அங்குலம் தள்ளிப் புதிதாக ஒன்று போடுங்கள்.

பலகைகளுக்கு இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் செட்டிங் மட்டால் முதலில் நிரப்பி இறுக விடுங்கள். எங்காவது மேல் காகிதம் உரிந்து பழுப்பு நிறம் தெரிந்தால் ஓரத்தைக் கத்தியால் வெட்டி எடுத்து, கிழிந்த காகிதத்துக்கென விற்கும் சீலர் பிரைமரை அடித்துக் காய விட வேண்டும். அப்படியே மட் பூசினால் பழுப்புக் காகிதம் ஈரத்தில் ஊதிக் குமிழாகும்.

பலகையின் நீள ஓரங்கள் இரண்டும் சற்றுத் தாழ்ந்திருக்கும், டேப்பும் மட் பூச்சும் அந்தப் பள்ளத்துக்குள் அடங்குவதற்காக. குறுக்கு முனைகளில் அந்தத் தாழ்வு கிடையாது. குறுக்கு முனைகள் சந்திக்கும் இடத்துக்குப் பட் இணைப்பு என்று பெயர். அங்கே டேப் பரப்புக்கு மேலே நிற்கும். சுவரில் பட்டை தெரிகிறது என்று புகார் வரும் இடம் பெரும்பாலும் இதுதான். இரண்டு முனைகளின் காகித ஓரத்தையும் கத்தியால் சாய்வாகச் சீவி ஒரு சின்ன வாய்க்கால் போல ஆக்கிவிட்டால் உதவும். இதைவிட நல்லது, பலகை வாங்கும்போதே 12 அடி நீளத்தில் வாங்கிப் பட் இணைப்பையே தவிர்ப்பது.

டேப் பதித்தல்

ஆல்-பர்ப்பஸ் மட்டை பக்கெட்டிலேயே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். டேப் பதிக்க இட்லி மாவுப் பதம், ஸ்கிம்முக்குத் தோசை மாவுப் பதம். கலக்கியை வேகமாகச் சுழற்றினால் காற்று புகுந்து, காய்ந்த பிறகு ஊசித் துளைகள் வரும்.

முதலில் பட் இணைப்புகள், பிறகு நீள இணைப்புகள், கடைசியில் மூலைகள். 6 அங்குல பிளேடால் இணைப்பின் மேல் 4 அங்குல அகலத்துக்கு, சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு மட் பூசுங்கள். எங்கும் வறண்ட இடம் விடக்கூடாது. டேப்பை நடுக்கோட்டில் வைத்துக் கையால் ஒற்றி, பிளேடைச் சாய்த்து நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் இழுங்கள். உபரி மட் ஓரத்தில் பிதுங்கி வரும். அதை வழித்து அதே டேப்பின் மேல் மெல்லியதாகப் பூசிவிடுங்கள், டேப் சுருளாமல் இருக்கும். பிளேடை அளவுக்கு மீறி அழுத்தினால் அடியில் மட்டே இல்லாமல் போய், காய்ந்ததும் டேப் உப்பிக்கொள்ளும். மறுநாள் விரல் நுனியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்ற வெற்றுச் சத்தம் கேட்டால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து மறுபடி பதிப்பதுதான் வழி. மேலே மட் பூசி அமுக்கினால் பிரைமர் ஈரத்தில் திரும்பவும் எழும்.

உள்மூலையில் இரு பக்கமும் மட் பூசி, நடுவில் மடித்த டேப்பை வைத்து, ஒவ்வொரு பக்கமாக வழியுங்கள். மேல் கை பூசும்போது இன்று ஒரு பக்கம் மட்டும், அது காய்ந்த பிறகு மறுபக்கம். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் போனால் ஒரு பக்கம் வழிக்கும்போது மறுபக்கம் கிழியும்.

வெளிமூலைக்கு கார்னர் பீட் என்ற மூலைப் பட்டை. ஆணியடிக்கும் உலோக வகையைவிட காகிதம் ஒட்டிய உலோக வகை நல்லது. மட்டில் பதிப்பதால் ஓரத்தில் விரிசல் குறைவு. பீட்டின் முனையை ஒரு பக்கமும் சுவரை மறுபக்கமும் பிளேடு தாங்கும்படி வைத்து இழுத்தால் இடையிலுள்ள பள்ளம் தானாக நிரம்பும். ஸ்க்ரூ தலைகளை ஒவ்வொன்றாக மூடாமல், ஒரு வரிசையை ஒரே இழுப்பில் பூசி அடுத்த இழுப்பில் வழித்துவிடுங்கள்.

இரண்டாம் கை, மூன்றாம் கை

முதல் கை முழுவதும் வெளுத்த பிறகே அடுத்தது. 21 டிகிரி செல்சியஸ், நடுத்தர ஈரப்பதத்தில் ஏறத்தாழ ஒரு நாள். ஈரமான பேஸ்மென்ட்டில் இரண்டு நாளும் ஆகலாம். சாம்பல் படிந்த கோடு எங்காவது தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம். அவசரப்பட்டு மேலே பூசினால் உள்ளே மெதுவாகக் காய்ந்து, பெயிண்ட் அடித்துப் பல நாள் கழித்து இணைப்பு குழிந்து நிற்கும். அறை 13 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. குளிர்காலத்தில் புகைபோக்கி இல்லாத புரொபேன் ஹீட்டர் வைத்தால் எரியும்போது அதுவே நீராவியைக் கக்கும். சூடு இருந்தும் மட் காயவில்லையே என்று திகைப்பவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். அங்கே டீஹியூமிடிஃபையரும் ஒரு சாதாரண விசிறியும் அதிக உதவி. விசிறியை இணைப்பை நோக்கித் திருப்பாதீர்கள், மேல்தோல் மட்டும் காய்ந்து விரிசல் விடும்.

கைகளுக்கு நடுவில் உப்புத்தாள் தேவையில்லை. பிளேடின் விளிம்பால் மேடுகளைச் சுரண்டிவிட்டாலே போதும்.

இரண்டாம் கைக்கு 10 அங்குல பிளேடு. நீள இணைப்பில் பூச்சு 8 முதல் 10 அங்குல அகலம் இருக்கட்டும். மூன்றாம் கைக்கு 12 அங்குல பிளேடு, பூச்சு 12 அங்குலத்துக்குக் குறையாமல். இழுக்கும்போது பிளேடின் வெளி ஓரத்தில் அழுத்தம் கொடுங்கள். ஓரம் காகிதத்தோடு கரைய வேண்டும், நடுவில் தடிமன் நிற்க வேண்டும். ஒரே கையில் தடிமனாகப் பூசி முடித்துவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். பக்கெட் மட் காயும்போது சுருங்குவதால் தடித்த பூச்சு வெடிக்கும்.

பட் இணைப்புக்கு வேறு கணக்கு. டேப்பின் மேல் மேலும் மேலும் பூசினால் புடைப்புதான் வளரும். இரண்டாம் கையில் டேப்புக்கு இடப்புறம் ஒரு பட்டை, வலப்புறம் ஒரு பட்டை பூசுங்கள், டேப்பின் மேல் ஒன்றும் வேண்டாம். மூன்றாம் கையில்தான் எல்லாவற்றையும் சேர்த்து மெல்லியதாக மூட வேண்டும். முடிந்தபோது மொத்த அகலம் 24 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். காய்ந்ததும் நேரான ஒரு சட்டத்தைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். சட்டம் நடுவில் ஊஞ்சலாடினால் புடைப்பு, அதற்கு மருந்து இன்னும் அகலம். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பள்ளம், இன்னொரு மெல்லிய கை.

செட்டிங் மட் பயன்படுத்தும் இடத்தில் வேகம் கூடும், இறுகியவுடன் ஈரமாக இருந்தாலும் அடுத்த கை பூசலாம். ஆனால் தண்ணீரில் தூளைப் போட வேண்டும், தூளில் தண்ணீரை அல்ல. பாத்திரத்தில் பழைய மட் ஒட்டியிருந்தால் 90 நிமிட மட் பாதி நேரத்தில் கட்டியாகும். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு இளக்கப் பார்க்காதீர்கள், பலமே இருக்காது. மிச்சத்தை சிங்கில் கொட்டினால் அது குழாய்க்குள் நீருக்கடியிலும் இறுகும். பிளம்பர் செலவு தனி.

தேய்த்தல்

விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துச் சாய்வாக அடித்துப் பார்த்து, குறைகளைப் பென்சிலால் குறியுங்கள். 150 எண் தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். 80 எண் தாள் போட்டால் கீறல்கள் பெயிண்ட் வழியே தெரியும். மட்டின் ஓரத்தைத் தாண்டிக் காகிதத்தைத் தேய்த்துவிட்டால் நார் எழும். மணிக்கணக்கில் தேய்க்க வேண்டியிருந்தால் பூசியதில் குறை.

மட்டின் தூசியில் சிலிக்கா இருக்கக்கூடும். முகக்கவசம் இல்லாமல் தொடங்காதீர்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை நிறுத்தி, காற்று உறிஞ்சும் வென்ட்களைப் பிளாஸ்டிக்கால் மூடுங்கள், இல்லாவிட்டால் தூசி வீடு முழுவதும் போகும். பழைய வீடுகளில் கூடுதல் எச்சரிக்கை: ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பேட்சிங் காம்பவுண்டுகளை அமெரிக்கா தடை செய்தது 1977இல். அதற்கு முற்பட்ட சுவரையோ, அதை ஒட்டிய சில ஆண்டுகளில் கட்டிய சுவரையோ தேய்ப்பதற்கு முன் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதியுங்கள்.

ஸ்கிம் செய்வதானால்

நிலை 4 தேய்த்து, தூசியைத் துடைத்த பிறகு தொடங்குங்கள். லைட்வெயிட் மட்டை இளக்கி, நீள மயிருள்ள பெயிண்ட் ரோலரால் 4 அடிக்கு 8 அடி பரப்பில் உருட்டுங்கள். உடனே 14 முதல் 24 அங்குல ஸ்கிம்மிங் பிளேடால் மேலிருந்து கீழாக வழியுங்கள். பரப்பில் தங்க வேண்டியது ஒரு மெல்லிய படலம் மட்டுமே. பெரும்பகுதி திரும்பத் தட்டுக்கே வரும். அதில் காய்ந்த துணுக்கு இருந்தால் அடுத்த இழுப்பில் கோடு கிழிக்கும், எடுத்தெறியுங்கள். பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் தொடாதீர்கள், குறை இருந்தால் அடுத்த கையில் பார்த்துக்கொள்ளலாம். முழுவதும் காய்ந்ததும் இரண்டாம் கை, இம்முறை குறுக்காக. பிறகு 220 எண் தாளால் ஒரு தடவு.

ஏற்கனவே பெயிண்ட் அடித்த சுவரில் ஸ்கிம் செய்தால் ஈரத்தை உறிஞ்ச இடமில்லாமல் ஊசித் துளைகள் நிறைய வரும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, பளபளப்பைத் தேய்த்து எடுங்கள். முதல் கை கொஞ்சம் இறுகியதும் அதன் மேல் மிகவும் இறுக்கமாக ஒரு வழிப்பு கொடுத்தால் துளைகள் மூடும். ஸ்பிரே இயந்திரம் இருப்பவர்களுக்கு, தடித்த பிரைமர்-சர்ஃபேசர் அடிப்பதும் ஒரு மாற்று வழி.

உண்மையான பிளாஸ்டர் ஸ்கிம் என்பது வேறு வேலை. பாஸ்டன் பகுதியில் இன்னும் வழக்கத்திலுள்ள வெனீர் பிளாஸ்டருக்கு நீலக் காகிதம் கொண்ட தனிப் பலகை வேண்டும், பூச்சு சுமார் 2 மில்லிமீட்டர். சாதாரண டிரைவாலில் செய்வதானால் முன்பே பாண்டிங் ஏஜென்ட் அடிக்க வேண்டும். பிரிட்டனில் பிளாஸ்டர்போர்டு மீது 2 மில்லிமீட்டர் பிளாஸ்டர் ஸ்கிம் வீடுகளில் சாதாரணம், 25 கிலோ பை ஏறத்தாழ 10 சதுர மீட்டருக்கு வரும். உப்புத்தாளே இல்லாமல், இறுகும் நேரத்துக்குள் கரணையால் தேய்த்துத் தேய்த்து மழமழப்பாக்கும் வித்தை அது. மட்டைக் காய விட்டுத் திருத்தலாம், பிளாஸ்டர் காத்திருக்காது. முதல் வேலையாக ஒரு கூரையில் இதை முயல்வது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. கூலி கொடுத்துவிடலாம்.

பிரைமர், அதற்குப் பிறகு

டிரைவாலுக்கென்றே விற்கும் பிரைமரை ஒரு முழுக் கை அடியுங்கள். பெயிண்டையே இரண்டு கை அடித்தால் பிரைமர் வேண்டாம் என்பது தப்புக் கணக்கு. உறிஞ்சும் அளவு மாறுபட்டு, இணைப்புகள் மங்கலான பட்டைகளாகத் தெரியும். பிரைமர் காய்ந்ததும் மறுபடி அதே சாய்வு விளக்கு. ஒரே நிறமான பிறகு குறைகள் தெளிவாகத் தெரியும். சின்னக் குழிகளுக்கு மட் தொட்டு, தேய்த்து, அந்த இடங்களுக்கு மட்டும் திரும்ப பிரைமர்.

முதல் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் பலகையைத் தாங்கும் மரச் சட்டங்களான ஸ்டட்கள் காய்ந்து சுருங்கும். அப்போது சில ஸ்க்ரூ தலைகள் வட்டமாக எட்டிப் பார்க்கும், உள்மூலையில் மயிரிழை விரிசல் வரலாம். தெரிந்த அன்றே திருத்தப் போகாதீர்கள். குளிர்காலம் முடியட்டும். அதன்பின் எழுந்த ஸ்க்ரூவுக்கு மேலும் கீழும் ஒன்றரை அங்குலம் தள்ளி அதே ஸ்டட்டில் புதிய ஸ்க்ரூ போட்டு, பழையதைக் கழற்றி, மூன்று மெல்லிய கை பூசுங்கள்.